லீவு நாளிலும் எரிந்த நெருப்பு

எங்கள் சலவைக்கூடத்தில் வாயாடி என்று ஒருத்தி இருக்கிறாள். வெளுப்புத் தொட்டியில் அவளுக்கு வேலை. காரம் பட்டுப் பட்டு அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குளிர் காலத்தில் ரத்தம் கசியும். அவள் வலியை வாயால் விரட்டுகிறவள். அழ வேண்டிய நேரத்தில் யாரையாவது வம்புக்கு இழுப்பாள்.

ஒரு குளிர் காலத்தில் அவள் காலையில் வந்தபோது, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளி இருந்தது. வாளி நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். கையை முக்கிப் பார்த்தாள், இதமாக இருந்தது. மறுநாளும் வாளி இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. குளிர் வரும்போதெல்லாம் வாளியும் வந்துவிடும். யார் வைக்கிறார்கள் என்று அவள் கூடம் முழுக்கக் கேட்டுப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தன் மறைஞ்சு நின்னு என்னைக் காதலிக்கிறான்டி. மூஞ்சியைக் காட்டச் சொல்லுங்க, வயசைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்பாள்.

யாரும் நான்தான் என்று சொல்லவில்லை. வருஷக்கணக்காக அந்த வாளியை வைத்தவர் என் அண்ணன். அது எங்களுக்குத் தெரிய வந்தபோதுகூட அவர் வாயால் சொல்லித் தெரியவில்லை.

அண்ணனை எல்லாரும் பாய்லர்காரர் என்று கூப்பிடுவார்கள். எங்கள் கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் வேனில் மூட்டை மூட்டையாக வரும். துவைக்கச் சுடுதண்ணீர் வேண்டும், உலர்த்தவும் தேய்க்கவும் ஆவி வேண்டும். இத்தனைக்கும் ஒரே பாய்லர்தான். பாய்லருக்கு அடியில் நிலக்கரி நெருப்பு, நெருப்புக்கு முன்னால் என் அண்ணன். நான் விரிப்பை உள்ளே கொடுத்தால் தேய்த்துத் தள்ளுகிற சூடான உருளையில் நிற்பவள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு அண்ணன்தான் என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டார். "நின்னுக்கிட்டே பாக்கற வேலைம்மா. கால் வலிக்கும். ஆனா கையில சோறு இருக்கும்" என்றார். அவர் பேச்சே அவ்வளவுதான்.

பாய்லர் அறை தரைக்குக் கீழே, படி இறங்கிப் போக வேண்டும். ஒரு மூலையில் கரிக் குவியல், இன்னொரு மூலையில் சாம்பல். நடுவில் பெரிய இரும்பு வயிறு. அதன் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய். ஒரு ஸ்டூல், ஒரு செம்பு, ஆணியில் ஒரு துண்டு, அவ்வளவுதான் சாமான். உட்கார்ந்தாலும் அண்ணனுடைய கண் அந்தக் கண்ணாடிக் குழாயை விட்டு நகராது. நான் பேசப் போனால் அதைப் பார்த்தபடியேதான் பதில் சொல்வார்.

அந்த நெருப்புக்கு ஒரு கட்டளை உண்டு. அணையவே கூடாது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, தணலைக் கூட்டி மேலே கரி போட்டு, அதன் மேல் ஈரச் சாம்பலை மூடி, காற்று வாயைச் சாத்திவிடுவார். உள்ளே கனன்று கொண்டே கிடக்கும். காலையில் கிளறினால் பிடித்துக் கொள்ளும். வேலை நாளில் அது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு லீவு. ஒரு துணி துவைப்பதில்லை. அன்றைக்கும் நெருப்பு எரிய வேண்டும். உலை ஆறினால் உள்ளே இருக்கிற செங்கல் வெடித்துவிடும் என்று அண்ணனுக்கு முன்னால் அங்கே இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் அண்ணன் லீவு நாளிலும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்க் கரி போட்டுவிட்டு வருவார்.

அண்ணி அதை வைத்தே அவரைக் கிண்டல் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போய், "அண்ணன் எங்கே அண்ணி?" என்று கேட்டால், "எங்கே போவாரு? என் சக்களத்தி வீட்டுக்குத்தான். அவளுக்குப் பசிக்குமாம்" என்பாள். அண்ணன் திரும்பி வந்ததும், "சாப்பிட்டாளா உங்க ஆளு? எனக்குத்தான் ஒரு நாள் வெளியூர் கூட்டிட்டுப் போக வழியில்லே" என்பாள். அண்ணன் சிரிப்பார். அண்ணியும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காலையில் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் திரும்ப முடிகிற தூரம்வரைதான் அவர்களுடைய உலகம். அண்ணி பிறந்த ஊர் அதைவிடத் தூரம். நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள் தனியாகத்தான் போய் வருவாள்.

அண்ணி சிறுநீரகம் கெட்டுப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்து போன சாயங்காலம், அண்ணன் சட்டையை மாட்டிக் கொண்டார். செருப்பைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். கரி போட்டுவிட்டு வந்தார். கை கழுவினார். தின்னக் கொடுத்ததைத் தின்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆண்டவன் சில நாளைக்கு அப்படி வைப்பது இரக்கத்தால்தான் என்று நினைத்துக் கொள்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. எங்கள் மூட்டைகளில் பாதிக்கு மேல் அவர்களுடையது. முதலாளியம்மா எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்துச் சொன்னார். புகையைக் குறைக்கிறவர்களுக்குத்தான் இனி வேலை என்று ஆஸ்பத்திரியில் முடிவு பண்ணிவிட்டார்களாம்; நாங்கள் கரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அதற்கு ஒரு வருஷம் தவணை. குறைக்காவிட்டால் விரிப்புகள் வேறு இடத்துக்குப் போய்விடும்.

"போனா என்னம்மா ஆகும்?" என்று வாயாடி கேட்டாள்.

"உங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். அப்புறம் மீதிப் பேரையும்" என்றார் முதலாளியம்மா. அவர் எதையும் சுற்றிவளைத்துப் பேச மாட்டார்.

அண்ணன் கடைசி வரிசையில் நின்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கரி என்றால் அவர்தானே.

எங்கே எவ்வளவு கரி போகிறது என்று அளவெடுக்க ஒரு பெண் வந்தாள். கல்யாண வயசு இருக்கும். புகைபோக்கியில் ஒரு குழாயைச் செருகி எதையோ பார்த்தாள். கரியை எடை போட்டாள். வேன் எவ்வளவு டீசல் குடிக்கிறது, கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள்.

"கரி எரியும்போது கரியமில வாயு வரும்க்கா. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மேல போய் பூமியைக் கம்பளி மாதிரி போர்த்திக்கும். கோடையிலயும் கம்பளியை எடுக்க முடியாதுன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் சூடு ஏறுது."

"எவ்வளவு வரும் ஒரு மூட்டைக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு மூட்டை கரி எரிச்சா, ரெண்டு மூட்டைக்கு மேல எடை வர்ற வாயு போகும். காத்துல இருக்கிறதும் அதோட சேர்ந்துக்குதில்லே?"

"ஒண்ணு போட்டா ரெண்டா வருதா! எங்க வீட்டுக்காரர் சம்பளத்தைக் கொண்டு வர்றேன், அதையும் உள்ள போடு தாயி" என்றாள் வாயாடி.

"நாம விடுற மூச்சுலயும் அதே வாயுதான்க்கா இருக்கு."

"அப்படின்னா இந்தப் பூமிக்கு ஆபத்தே எங்க மாமியார்தான்."

அந்தப் பெண்ணுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. மூச்சில் போவது சாப்பாட்டிலிருந்து வந்தது, சாப்பாடு செடியிலிருந்து வந்தது, செடி காற்றிலிருந்து எடுத்தது, அது சுற்றிச் சுற்றி வருகிற கணக்கு, மண்ணுக்கு அடியில் பூட்டி வைத்திருந்த கரியை எடுத்து எரிப்பதுதான் புதிதாகச் சேருகிற பாரம் என்று விளக்கினாள். கடவுள் ஆழத்தில் வைத்ததை நாம் மேலே எடுத்துவிட்டோம் என்று நான் புரிந்து கொண்டேன்.

முதலில் சின்னச் சின்ன வழிகளைப் பார்த்தார்கள். வெறுமனே கிடந்த ஆவிக் குழாய்களுக்கெல்லாம் கனத்த பஞ்சு உறை சுற்றினார்கள். ஒழுகிய மூட்டுகளை அடைத்தார்கள். உருளைக்குப் பின்னால் ஒரு குழாயில் சுடுதண்ணீர் சொட்டிச் சாக்கடையில் போய்க் கொண்டிருந்தது. ஆவி குளிர்ந்து தண்ணீராகிச் சொட்டுவது அது. அதைத் திருப்பிப் பாய்லருக்கே அனுப்பினால் அவ்வளவு சூடு மிச்சம் என்று அந்தப் பெண் சொன்னாள். அண்ணனே குழாயை வெட்டி இணைத்துக் கொடுத்தார்.

மறுநாள் வாயாடியின் தொட்டிப் பக்கத்தில் வாளி இல்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. காலையில் முதல் ஆவி ஓடும்போது சொட்டுகிற தண்ணீரைத்தான் அவர் பிடித்து ஆற வைத்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வாயாடி படி இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று பின்னாலேயே போனேன்.

"ஏண்ணே, நீங்கதானா?"

"தண்ணி வீணாத்தானே போச்சு" என்றார், கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி.

வாயாடி திரும்பிப் படி ஏறினாள். மேலே வந்து வேலையைப் பார்த்தாள்.

அடுத்தது வெயில். உலர்த்தும் டிரம்முக்கு ஆவி எதற்கு, மொட்டைமாடியில் காயப் போட்டால் என்ன என்று முதலாளியம்மாவுக்குத் தோன்றியது. நல்ல யோசனை. நாங்கள் மாடி முழுக்கக் கொடி கட்டினோம். ஈர விரிப்புகளைத் தூக்கிக் கொண்டு மாடி ஏறினோம். இடுப்பு விட்டுப் போனது. வரிசை வரிசையாக வெள்ளையாகப் பறந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் இறக்கப் போனால், ஒவ்வொன்றிலும் எள் தூவின மாதிரி கரும்புள்ளி. எங்கள் புகைபோக்கி எங்கள் மாடிக்கு மேலேதான் நிற்கிறது. காற்று திரும்பி அதன் கரித்தூளெல்லாம் எங்கள் துணியிலேயே இறங்கியிருந்தது. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை.

"கரியை மிச்சம் பிடிக்கத் துணியைக் காயப் போட்டோம். இப்போ மறுபடி துவைக்க அதே கரியைப் போடணும். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டோம்" என்றாள் வாயாடி.

அண்ணன் மாடி ஏறி வந்து ஒரு விரிப்பைக் கையில் பிடித்துப் பார்த்தார். விரலால் ஒரு புள்ளியைத் தேய்த்தார். அது இழுத்துக் கொண்டு கோடாகப் போனது. இத்தனை வருஷம் அவர் நெருப்பைத்தான் பார்த்திருக்கிறார். அது வெளியே போய் எங்கே இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிறது இவ்வளவு என்றால் தெரியாதது எவ்வளவோ என்று எனக்கு ஓடியது. அவருக்கு என்ன ஓடியதோ தெரியவில்லை. விரிப்பை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம்தான் அளவுக்காரப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் கணக்கில் துணிக்கும் கரிக்கும் பொருந்தவில்லை. துவைத்த துணிக்கு இவ்வளவு கரி ஆகக் கூடாது. திருட்டுப் போகிறதோ என்று முதலாளியம்மாவுக்குச் சந்தேகம். அண்ணனையும் கூப்பிட்டு, மூன்று பேரும் உருளைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமையும் எரியும்மா" என்றார் அண்ணன்.

"லீவு நாள்லயா? எதுக்குங்கய்யா?"

"ஆறவிட்டா செங்கல் வெடிச்சிடும்."

"இது எப்போ வெச்ச செங்கல்?"

"பழசையெல்லாம் பேர்த்துட்டு ஒருமுறை புதுசு வெச்சோம். நானும்தான் கூட இருந்து அடுக்கினேன். ரொம்ப வருஷம் ஆச்சு."

அவள் கீழே போய் உலைக்கதவைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து மெதுவாகத்தான் சொன்னாள். "இந்தக் கல்லு ஆறினா ஒண்ணும் ஆகாதுங்கய்யா. பழைய கல்லுக்குத்தான் அந்தப் பயம். இதை மெல்ல மெல்லச் சூடேத்தினாப் போதும். லீவு நாள்ல எரிய வேண்டிய அவசியமே இல்லே."

"எப்பவுமே இல்லியா?"

"புதுசு வெச்சதுலேருந்தே இல்லீங்கய்யா."

கல்லை மாற்றினார்கள், வழக்கத்தை மாற்றவில்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை, அவர் யாரையும் கேட்கவும் இல்லை. அண்ணன் தலையை ஆட்டினார். "சரிம்மா" என்றார். துண்டால் கையைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கை. பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

நான் உருளைக்குள் விரிப்பைக் கொடுத்துக் கொண்டே இருந்தேன். ஒன்று போக ஒன்று வந்தது. அண்ணி சொல்லிச் சிரித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரிப்பின் ஓரம் நேராகப் போகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நெருப்பில்லாமல் வந்தது. பிரார்த்தனை முடிந்து நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குளித்து, சட்டை மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது.

"எங்கயாவது கிளம்பறீங்களா அண்ணே?"

"இல்லே."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"அடுத்த வாரம் என்னோட பிரார்த்தனைக்கு வாங்களேன்."

"வர்றேன்."

நான் வீட்டைப் பெருக்கினேன். அவர் காலைத் தூக்கிக் கொடுத்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் ஆனதும் அவர் எழுந்தார், வாசல் வரைக்கும் போனார், நின்றார், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் சொன்னபடி என்னோடு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முன்னால் எரிந்த விளக்கையே பார்த்துக் கொண்டிருந்தார். வேண்டிக் கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ளது.

கரி குறைந்தது. நிறையவே குறைந்தது. ஆனால் பாதி ஆகவில்லை. தவணை நெருங்கிக் கொண்டிருந்தது. முதலாளியம்மா பாய்லர் அறைக்கே இறங்கிப் போனார். அன்றைக்கு என்னையும் கூட வரச் சொன்னார். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"அண்ணே, ரெண்டு வழிதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பார்த்து, இழுத்துப் பிடிச்சு, இந்த நெருப்பையே வெச்சுக்கிட்டுப் பாதிக்குக் கொண்டு வர முடியுமான்னு நீங்க சொல்லணும். முடியும்னா நான் காத்திருக்கேன். இல்லேன்னா கரண்ட்ல ஆவி எடுக்கிற மெஷினுக்கு இப்பவே சொல்லிடணும். இப்போ சொன்னாத்தான் தவணைக்குள்ள வந்து சேரும். உங்க வார்த்தைதான்."

முடியும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தவணை முடிகிற வரைக்கும் நெருப்பு இருந்திருக்கும், அவரும் இருந்திருப்பார். அதற்கப்புறம் மூட்டைகள் போயிருக்கும். நான் போயிருப்பேன், வாயாடி போயிருப்பாள். அது மூன்று பேருக்கும் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கரிக் குவியலைப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

"முடியாதும்மா. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. துவைக்கிற துணிக்கு வேண்டிய கரியை இது தின்னுத்தான் ஆகும். மெஷினுக்குச் சொல்லிடுங்க" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு வாசல்ல காவல் வேலை தர்றேன் அண்ணே."

"பார்க்கலாம்மா."

மெஷின் வந்தது. மொட்டைமாடியில் கொடி கட்டின இடத்தில் இப்போது வெயிலைக் கரண்ட் ஆக்குகிற தகடுகள் படுத்திருக்கின்றன. அது போதாது, மீதிக் கரண்ட் வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கரண்டையும் எங்கேயோ கரி எரித்துத்தானே எடுக்கிறார்கள் என்று வாயாடி அளவுக்காரப் பெண்ணை மடக்கினாள். "ஆமாக்கா, கொஞ்சம் கரி, கொஞ்சம் காத்து, கொஞ்சம் வெயில். அங்கயும் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. பாய்லர் நெருப்புக்குக் கரியை விட்டா வேற வழி இல்லே, இதுக்கு உண்டு" என்றாள் அவள். முழுசாகத் தீரவில்லை என்பதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் அண்ணன் தணலை மூடவில்லை. பரப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சிவப்பு கறுப்பாகி, கறுப்பு வெளுத்தது. சாம்பலை அள்ளி உலையைத் துடைத்துச் சுத்தமாக வைத்தார். நாளைக்கு அதில் யாரும் எதுவும் போடப் போவதில்லை. இருந்தாலும் அப்படித்தான் வைத்தார்.

ஆஸ்பத்திரி மூட்டைகள் நின்று போகவில்லை. எங்களில் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. காவல் வேலையை அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். அவர் மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள், அங்கே கூப்பிட்டாள், போனார். ஒரு மழைக்காலம் அங்கே இருந்தார். பிறகு தூக்கத்திலேயே போய்விட்டார் என்று போன் வந்தது. அப்போதும் நான் உருளையில்தான் நின்றிருந்தேன். கேட்டேன், போனை வைத்தேன், கையில் இருந்த விரிப்பை முடித்துவிட்டுத்தான் முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அழுகை வரவில்லை. இன்னும்தான் வரவில்லை. அவருக்காக வேண்டிக் கொள்வதை மட்டும் விடாமல் செய்கிறேன்.

அவர் மகள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரு பை, ஒரு தண்ணீர்ப் புட்டி. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழக்கத்தில் கண் எதையோ தேடியது. பிறகு என்னைப் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று எனக்குத் தெரியும், ஆனால் கால் நகரவில்லை.

"வேலை நிக்காம ஓடுதில்லே?" என்று கேட்டார்.

"ஓடுதுண்ணே."

பஸ் உறுமிக் கிளம்பத் தயாரானது. அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"நீ போம்மா. இந்நேரம் உருளையில சூடு ஏறியிருக்கும்."